மின்னல்கொடி அட்மின்

ஜூலை 8, திங்கள்

பேஜ் இன்று முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. மின்னல்கொடி ரசிகர் பக்கத்துக்கு முப்பத்தெட்டாயிரம் பேர். கரூர் ஜில்லாவில் எத்தனையோ தனியார் பஸ் ஓடுகிறது, எங்கள் அளவுக்கு எந்த பஸ்ஸுக்கும் கூட்டம் கிடையாது. கமெண்டில் எல்லோரும் 'அட்மின் அண்ணா' என்கிறார்கள். அட்மின் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மிதுனா என்பது என் அண்ணன் பூபதிக்கும் கூடப் படிக்கும் ரேஷ்மாவுக்கும் மட்டும் தெரியும். எடிட்டிங், ஸ்லோ மோஷன், ஏர் ஹாரனைப் பாட்டின் தாளத்துக்கு வெட்டி ஒட்டுவது எல்லாமே நானாகப் பார்த்துப் பார்த்துப் பழகியது. யாரும் சொல்லித் தரவில்லை.

அண்ணன்தான் மின்னல்கொடியின் டிரைவர். இருபத்து மூன்று வயதில் அந்த சீட்டில் உட்கார்ந்தான். இந்த ரூட்டில் அவ்வளவு சின்ன வயதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. பொன்னிக்காட்டிலிருந்து கரூருக்குக் காலை 7.34க்கு எடுப்பான். அதே ரூட்டில் 7.30க்கு அந்திவண்ணன் என்ற இன்னொரு பஸ் கிளம்பும். அதன் டிரைவர் மயில்சாமி, ஐம்பது வயது, பெரிய மீசை. அவர் வழியெல்லாம் உருட்டுவார். அதாவது மாட்டு வண்டி வேகத்தில் போய், எங்கள் பஸ்ஸுக்காக நிற்கும் ஆட்களையும் ஏற்றிக்கொள்வார். அண்ணன் பின்னால் காலி சீட்டுகளை ஓட்டிக்கொண்டு வருவான்.

இன்று முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

"ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி வரைக்கும் பாக்கறேன் பூபதி. அதுக்கப்புறமும் அவன் வாலைப் புடிச்சுட்டே வருவீன்னா சீட்ட விட்டு எறங்கிக்க. ஓட்டறதுக்கு ஆளு வரிசையில நிக்குது."

அண்ணன் தலையை ஆட்டினான். முதலாளியின் கார் போன பிறகு சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தான். தட்டு இரண்டாக மடங்கிவிட்டது. அம்மா பருப்பைத் துடைத்தாள்.

அந்த சீட் அண்ணனை விட்டுப் போகக் கூடாது. அதற்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். இதை எழுதி வைக்கத்தான் இந்த நோட்டையே இன்று தொடங்கினேன்.

ஜூலை 9, செவ்வாய்

இயற்பியலுக்குப் புது மிஸ் வந்திருக்கிறார். ஷெர்லின் மிஸ், நாகர்கோவில் பக்கம். ரெக்கார்டு நோட்டை மேஜையில் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இத எல்லாரும் பாத்து எழுதுவீங்க, எனக்குத் தெரியும். நம்ம உடைச்சுப் படிப்போம் மக்களே" என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

முதல் சவால்: இரண்டாவது மாடியிலிருந்து முட்டையைப் போட வேண்டும், உடையக் கூடாது. பஞ்சு, பாலிதீன், பலூன், எது வேண்டுமானாலும் சுற்றலாம். நானும் ரேஷ்மாவும் ஒரு அணி. பதினாலு முட்டைகளில் பதினொன்று சிதறியது. ஒவ்வொன்று விழும்போதும் பசங்க கத்திய கத்தலில் ஹெட்மாஸ்டர் வெளியே வந்துவிட்டார். எங்கள் முட்டை பிழைத்தது. ரேஷ்மா பாவாடைத் துணியில் பாராசூட் தைத்திருந்தாள்.

மிஸ் எல்லாவற்றையும் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து, ஒவ்வொரு பிரேமாக எண்ணி, முட்டை என்ன வேகத்தில் தரையைத் தொட்டது என்று கணக்குப் போடச் சொன்னார். ரீல்ஸுக்காக நான் பழகிய வித்தை பரீட்சைக்கும் உதவும் என்று தெரியாமல் போயிற்றே. வகுப்பிலேயே முதலில் முடித்தது நான்.

ஜூலை 12, வெள்ளி

கரூர் பஸ் ஸ்டாண்டில் சண்டை. நான் பார்க்கவில்லை, மூன்று வீடியோ வந்தது.

அந்திவண்ணன் கண்டக்டர் டிக்கெட் மெஷினால் அண்ணனின் வாயில் அடித்தார். அண்ணன் ஜாக்கி லீவரை எடுத்துக்கொண்டு இறங்கினான். கண்டக்டரின் முழங்காலில் ஒன்று, தோளில் ஒன்று. இரண்டாவது அடிக்குக் கேட்ட சத்தம் முருங்கைக்காய் ஒடிப்பது போல இருந்தது. மயில்சாமி குறுக்கே வந்து அண்ணனின் கழுத்தைப் பிடித்து, "என்ற பையனாட்டம் இருக்கற, உன்னக் கொன்னுட்டு நான் ஜெயிலுக்குப் போகோணுமா? போடா" என்று தள்ளிவிட்டார். எல்லார் முன்னாலும்.

அடித்ததைவிட அதுதான் அண்ணனைக் கொன்றது.

லீவர் வரும் இடத்தை மட்டும் வெட்டிப் போட்டேன். மயில்சாமி வரும் இடத்தைப் போடவில்லை. ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஜூலை 15, திங்கள்

இரண்டாவது சவால்: வண்டி. மூன்று மீட்டர் சரிவில் உருண்டு வந்து சுவரில் மோத வேண்டும். உள்ளே முட்டை. முட்டை உடையாத வண்டிக்கு வெற்றி.

முன்பக்கம் என்ன வைப்பது என்பதில் எனக்கும் ரேஷ்மாவுக்கும் தகராறு.

"ஜூஸ் டப்பாவா மடிச்சு மடிச்சு வெக்கலாம்டி. அது நசுங்கட்டும்" என்றாள்.

"குப்பை வண்டியாட்டம் இருக்கும். பஸ் பாடி கட்டற ஷெட்டுல இருந்து ஆங்கிள் வாங்கியாந்திருக்கறேன். இத வெச்சா எவனும் கிட்ட வர முடியாது."

"சுவரு எப்படிடி கிட்ட வராம இருக்கும்?"

அவள் பேச்சை நான் கேட்கவில்லை. இரும்பு ஆங்கிளை முன்னால் வைத்து முடுக்கினேன். எங்கள் வண்டி மோதியதில் சுவரின் காரை பெயர்ந்து விழுந்தது. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. வகுப்பே கைதட்டியது. மூடியைத் திறந்தால் முட்டை கூழாகிக் கிடந்தது.

"வண்டி பொழைச்சுக்கிட்டு. உள்ள இருந்தவன் செத்துட்டான்" என்றார் மிஸ். "முட்டை நிக்கதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கிடுதோ, அவ்வளவுக்கு அடி குறையும். முன்னால நசுங்குனா அந்த நேரம் கிடைக்கும். நீ அதுக்கு நேரமே குடுக்கல்ல, கேட்டியா?"

ரேஷ்மா வண்டியிலிருந்து முட்டைக் கூழை வழித்தெடுத்தாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

காரை பெயரும் காட்சியை ஸ்லோ மோஷனில் பேஜில் போட்டேன். சாப்பிடும்போது அண்ணன் அதை நாலு முறை பார்த்தான். "அந்த இரும்பு என்ன கனம்?" என்றான்.

ஜூலை 16, செவ்வாய்

ஒரு கணக்கு.

மனிதனின் கை மூன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு ஆறு மீட்டர். உந்தம் இருபத்தொன்று. கன்னத்தில் பட்டு நிற்க 0.03 விநாடி ஆகிறது என்றால் விசை எழுநூறு நியூட்டன். ஒரு கணம் மட்டும் எழுபது கிலோ நெல் மூட்டையைக் காதின் மேல் வைத்து எடுத்தது போல. அடி விழும் திசையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டால் நேரம் கூடும், விசை குறையும். அடுத்த முறை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று போட்ட ரீல் ஒன்றில், மூலையில் அந்திவண்ணன் முந்திக்கொண்டு போவது தெரிகிறதாம். நான் கவனித்திருக்க வேண்டும். என் தப்புதான்.

இடது காதில் குக்கர் விசில் போல ஒரு சத்தம் நிற்காமல் கேட்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு அம்மா பீரோ கதவு என்றாள். பீரோ கதவுதான்.

ஜூலை 19, வெள்ளி

மின்னல்கொடிக்குப் புதுப் பம்பர். ஆறு அங்குல சேனல் இரும்பு, நேராகச் சேசிஸோடு வெல்டிங். சிவப்புப் பெயின்ட். அண்ணன் ஷெட்டிலிருந்து எனக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினான். "உன்ற ஐடியா தானுங்க மேடம்" என்று சிரித்தான். உதடு இன்னும் வீங்கியிருக்கிறது.

அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பதிவின் தலைப்பு: இனிமே ஒதுங்கிக்கங்க.

ஜூலை 22, திங்கள்

ரேஷ்மாவின் வீடு மேட்டுத்தோட்டத்தில் இருக்கிறது. அங்கே முதலில் வருவது அந்திவண்ணன் என்பதால் அதில்தான் வருவாள். அடுத்த வண்டியின் பாகங்களைத் தினமும் அவள்தான் கொண்டு வருகிறாள். எந்த நேரத்துக்கு வந்து சேருவாள் என்று எனக்குத் தெரியட்டுமென்று, கிளம்பும்போதே லைவ் லொக்கேஷனைப் போட்டுவிடுகிறாள். நீலப் புள்ளி மேப்பில் ஊர்ந்து வரும்.

இன்று காலை அண்ணன் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் புள்ளியைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. அது ரேஷ்மா மட்டுமில்லை. அந்திவண்ணன் எங்கே நிற்கிறது, எங்கே உருட்டுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

"அண்ணா, கோயில் பிரிவுல நிக்கறான். இப்ப முடுக்குனீன்னா ரைஸ் மில்லுல புடிச்சரலாம்."

முடுக்கினான். பிடித்தான். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் முறையாகக் கரூருக்கு நாங்கள் முன்னால் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது அண்ணன் என் தலையில் கை வைத்து ஆட்டினான். மெதுவாகத்தான்.

ரேஷ்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

ஷெர்லின் மிஸ் இன்று ஒரு தப்பு செய்தார். சுவருக்குப் பதில் வண்டிக்கு வண்டி மோதவிட்டார். எதிரெதிரே இரண்டு சரிவு. கணக்குக்கு அதுதான் நல்லது, மோதலுக்கு முன் உந்தமும் பின் உந்தமும் சமமா என்று பார்க்கலாம் என்றார். முட்டை உடையாதவருக்கே மதிப்பெண் என்று மூன்று முறை சொன்னார்.

யாருக்கும் முட்டை ஞாபகம் இல்லை. எல்லா வண்டியிலும் முன்னால் இரும்பு. ஒருவன் மண்வெட்டித் தகட்டையே வைத்திருந்தான். எல்லோரும் என் ரீலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நாலாவது மோதலில் ஒரு சக்கரம் பறந்து போய் ஒருவனின் புருவத்தைக் கிழித்தது. அவன் எழுந்து, வண்டி விட்டவனைப் பெஞ்சோடு சேர்த்து மிதித்தான். அப்புறம் பாதி வகுப்பு பாதி வகுப்பை அடித்தது. தரையெல்லாம் மஞ்சள் கருவும் ரத்தமும். மிஸ் நடுவில் நின்று கத்தினார். ஸ்டூல் ஒன்று அவர் முழங்கையில் பட்டது.

ரேஷ்மா எங்கள் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். நான் வீடியோ எடுத்தேன்.

ஹெட்மாஸ்டர் மிஸ்ஸைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்த மிஸ், "ஆகஸ்ட் ஒண்ணு. கடைசி வாய்ப்பு. சுவரு மட்டும்தான். அன்னைக்கும் அடிச்சுக்கிட்டீங்கன்னா நான் திரும்ப ரெக்கார்டு நோட்டுதான்" என்றார்.

ரேஷ்மா என்னிடம், "இந்தத் தடவை என்ற வண்டி. நீ தொடாத" என்றாள்.

ஜூலை 29, திங்கள்

நாலு நாளில் மூன்று நாள் அந்திவண்ணன் முன்னால். மயில்சாமி இப்போது நடுரோட்டிலேயே போகிறார், ஒதுங்குவதே இல்லை. முதலாளி போனில் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது: "வேற டிரைவர வரச் சொல்லீட்டேன்."

அண்ணன் சாப்பிடவில்லை. அந்திவண்ணன் ரசிகர் பேஜில் அவன் படத்துக்குப் பால் பாட்டில் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 31, புதன்

பேஜில் வாக்கெடுப்பு வைத்தேன். 'நாளைக்கு அந்திவண்ணனைத் தொட்டுரலாமா?' தொடுவது என்றால் பின்னாலிருந்து பம்பரால் லேசாக ஒரு தட்டு. இந்த லைனில் அது சகஜம், லைட் உடையும், அவ்வளவுதான். நாலாயிரம் பேர் ஆமாம் என்றார்கள். நூற்றுப் பத்துப் பேர் வேண்டாம் என்றார்கள்.

அண்ணன் பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சரிவுப் பலகையைப் பொருத்துவதற்காக நான் டவுன் பஸ்ஸில் ஏழு மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். ஏழு ஐம்பதுக்கு அண்ணனிடம் போனில் பேசினேன். சும்மாதான்.

7.52க்கு ரைஸ் மில் பிரிவில் மின்னல்கொடி அந்திவண்ணனின் பின்னால் மோதியது.

மிஸ்ஸின் ஸ்கூட்டரில் போனோம். அந்திவண்ணனின் பின்பக்கம் உள்ளே போயிருந்தது, கடைசி சீட்டு பின்னாலிருந்து மூன்றாவது சீட்டின் மேல் ஏறிக் கிடந்தது. மின்னல்கொடியின் பம்பரில் பெயின்ட் மட்டும் போயிருந்தது. ஆனால் உள்ளே ஒருவரும் நேராக இல்லை. கம்பியில் பற்கள். ஒரு பாட்டியின் நெற்றித் தோல் கண்ணுக்கு மேல் மடிந்து தொங்கியது. கண்டக்டர் கண்ணாடிக்கு வெளியே பாதி கிடந்தார், முனகிக்கொண்டிருந்தார்.

ரேஷ்மா அந்திவண்ணனின் பின்படியில் நின்றிருக்கிறாள். பஸ் முன்னால் துள்ளியதும் அவள் பின்னால் தங்கிவிட்டாள். படிக்கும் ரோட்டுக்கும் நடுவில் விழுந்தாள். மின்னல்கொடியின் முன்சக்கரம் அவள் வலது கால் மேல் நின்றுகொண்டிருந்தது. ஓடவில்லை, ஏறி நின்றுகொண்டிருந்தது. பத்துப் பேர் பஸ்ஸைத் தூக்கப் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "மிதுனா, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுடி" என்றாள்.

டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. அண்ணன் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டான். மயில்சாமிதான் ஏறிப் பின்னால் எடுத்தார். அவர் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டு இறங்கியவரை, அவர்தான் மின்னல்கொடி டிரைவர் என்று நினைத்து ஊர்க்காரர்கள் அடித்தார்கள். அவர் "நானில்லைங்க, நானில்லைங்க" என்று சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்தார். ஒருவன் அவரது முகத்தில் செங்கல்லால் அடித்தான்.

எனக்குத் தெரியும், அவர் இல்லை என்று. வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

அண்ணன் நேற்று ஸ்டேஷனில் போய் நின்றான், ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஏர் பிரேக் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். மயில்சாமிக்கு ஒரு கண் போய்விட்டது, மதுரைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நடுரோட்டில் நிறுத்தியதாக அவர் மேலும் வழக்கு.

முதலாளி மெக்கானிக்கோடு வந்திருந்தார். வாசலில் நின்று பேசினார்கள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"இன்ஸ்பெக்டர் பாக்க வர்றதுக்குள்ள பிரேக் ஹோஸ அறுத்து வெச்சுட்டனுங்க. பழைய வெடிப்பாட்டமே இருக்குது."

"பூபதி, பிரேக்குன்னு நின்னு போச்சுன்னா உனக்கு அந்த ஈரோடு வண்டி. புது வண்டி. வாய மட்டும் மாத்தாத."

அண்ணன் டாஷ்போர்டிலிருந்த என் பழைய போனை எடுத்து வந்திருந்தான். ரீல்ஸுக்காக நான் மாட்டி வைத்த போன். கல் உரலில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். பத்து அடி, பன்னிரண்டு அடி. போனை உடைத்தால் வீடியோ செத்துவிடும் என்று நினைக்கிறான். அது எடுக்க எடுக்கவே என் கணக்குக்கு ஏறிவிடும். அவனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பிரேக் உண்மையாகவே போயிருக்கலாம் என்று தோன்றியது. மெக்கானிக் அறுத்தது, இருந்த வெடிப்பைப் பெரிதாக்கத்தானோ என்னவோ. அண்ணன் பிரேக்கை மிதித்திருப்பான், கொஞ்சமாவது வேகம் குறைந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அவன் மேல் தப்பில்லை என்று நானே நிரூபித்துவிடலாம். எனக்குத்தான் பிரேம் எண்ணத் தெரியுமே.

காலையில் டேப் எடுத்துக்கொண்டு ரைஸ் மில் பிரிவுக்குப் போனேன். நடுரோட்டு வெள்ளைக் கோடு ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்த கோட்டின் தொடக்கம் வரை ஒன்பது மீட்டர். ரோட்டில் மணலைக் கொட்டியிருந்தார்கள். மணலுக்கு அடியில் இன்னும் கருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைப் போட்டேன். விநாடிக்கு முப்பது பிரேம். கடைசி ஏழு கோடுகள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை பிரேம்? பிரேக் பிடித்திருந்தால் எண்ணிக்கை கூடிக்கொண்டே போக வேண்டும்.

பதினெட்டு, பதினெட்டு, பதினேழு, பதினேழு, பதினாறு, பதினாறு.

மறுபடி எண்ணினேன். அதேதான். வேகம் மணிக்கு ஐம்பத்து நாலு கிலோமீட்டரில் தொடங்கி அறுபத்தொன்றில் முடிகிறது. சமதரை. பிரேக் போன பஸ்கூடத் தானாக வேகம் பிடிக்காது.

நாலாவது முறையும் எண்ணினேன். கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்டது இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஷெர்லின் மிஸ்ஸை லேபில் தனியாகப் பார்த்தேன். அவருக்கும் மெமோ வந்திருக்கிறது. மோதல் சவால்தான் பிள்ளைகளைக் கெடுத்தது என்று பெற்றோர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லேபில் எல்லாப் பலகையையும் அடுக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

எண்களைக் காட்டினேன். வீடியோவையும் காட்டினேன். தாளில் அவரும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அதே விடை.

"சவுண்ட் இல்லையா பிள்ளே?"

"இல்லீங்க மிஸ். பாட்டுதான் ஓடிட்டிருந்துச்சு."

மிஸ் தாளை மடித்து வைத்தார். "நான்தான் பிள்ளைகளை மோத விட்டேன். அதுக்கு நான் பதில் சொல்லணும், சொல்லுவேன். இதுக்கு உங்க அண்ணன்தான் சொல்லணும்" என்றார். அப்புறம், "நீ கூட வாறியா, இல்ல நான் மட்டும் போகவா?" என்று கேட்டார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

சொன்னேன். அண்ணனிடமே சொன்னேன். வீடியோ இருக்கிறது, கணக்கும் இருக்கிறது என்று. அவன் தானாகப் போய்ச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

முதல் அடிக்கு முகத்தைத் திருப்பினேன். இரண்டாவதுக்கு நேரம் இல்லை. அப்புறம் தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். ஜூலையில் எழுதிய பீரோ கதவு பொய். அதற்கு முன்னாலும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கை உடைந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று இதே அம்மா டாக்டரிடம் சொன்னாள், நானும் சொன்னேன்.

"அழிச்சுரு சாமி" என்று அம்மா என் போனை எடுத்து என் கையில் திணித்தாள். "அவன் உள்ள போயிட்டா நாம ரெண்டு பேரும் என்ன பண்றது? அந்தப் புள்ளைக்குக் கால் திரும்பவா வரப்போகுது?"

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கை வலிக்கிறது போல, விரல்களை மடக்கி மடக்கி நீட்டினான். "போய்க் குடுடீ" என்றான். "அப்படியே சத்தத்தோட குடு. தைரியம் இருக்குதா? ம்?"

அழிக்கவில்லை. கொடுக்கவும் போகவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரேஷ்மா தூங்கவில்லை. போர்வை வலது பக்கம் பாதியில் தட்டையாகிவிடுகிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு?" என்றாள்.

"அண்ணன்."

"இப்பத்தான் உண்மையச் சொல்ற."

அவள் அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்தார். ரேஷ்மா கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இல்லாத விரல்ல அரிக்குது. சொறிய முடியல. மயில்சாமி மாமாதான் பஸ்ஸ எடுத்து உட்டாராமா. அவருக்குக் கண்ணு போயிருச்சாமே. அவர் மேலயே கேஸாம். அவரு நிறுத்தவே இல்லடி, மெதுவாப் போயிட்டிருந்தாரு. நான் ஸ்டேஷன்ல சொல்றேன்னா, உனக்கு மயக்கம், உனக்கென்ன தெரியும்னு சொல்றாங்க."

நான் அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

"உங்களுக்கு நாங்க எங்க இருக்கோம்னு எப்படிடி அவ்வளவு கரெக்டாத் தெரிஞ்சுது? வளைவுக்கு அந்தாண்ட இருந்தே ஹாரன் அடிச்சுட்டு வந்தான் உங்கண்ணன்."

மாத்திரையோடு அவள் அம்மா வந்துவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். படியில் இறங்கும்போது ஷெர்லின் மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மேடம் இருந்தார். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஷெர்லின் மிஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மேடம் ஒரு தாளை எடுத்து மேலே சாட்சி வாக்குமூலம் என்று எழுதி, என் பெயரைக் கேட்டு எழுதினார்.

கோடுகளையும் எண்களையும் விளக்கினேன். பதினெட்டு, பதினேழு, பதினாறு. மேடத்துக்கு இரண்டாம் தடவையில் புரிந்துவிட்டது. "அடேங்கப்பா, கெட்டிக்காரப் புள்ள. சொந்த அண்ணன்னு கூடப் பாக்காம வந்திருக்கற" என்றார்.

அந்த வார்த்தையோடு எழுந்து வந்திருக்கலாம். மிஸ்கூட எழப் போனார்.

நான் போனை எடுத்துச் சத்தத்தை முழுவதுமாகக் கூட்டி, மேஜையில் வைத்து மறுபடி ஓட விட்டேன்.

இன்ஜின் சத்தம். அண்ணனின் குரல்: "எங்கடி இருக்கறான்?"

போன் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல்: "புள்ளி ரைஸ் மில்லு கிட்ட ஊருது. வளைவு தாண்டுனா தெரியுவான்."

கண்டக்டர்: "பூபதி, வேண்டாண்டா. படியில புள்ளைக நிக்குதுடா."

பெண் குரல்: "விடாதண்ணா. தொட்டுரு. நாலாயிரம் பேரு கேட்டுட்டு இருக்கறாங்க."

அண்ணன்: "எல்லாரும் புடிச்சுக்கங்க."

அப்புறம் அந்தச் சத்தம். அதற்கப்புறம் கண்ணாடி விழுவதும் யாரோ அழுவதும். அதற்கு நடுவில் அந்தப் பெண் குரல் மட்டும் நிற்கவில்லை. குஷியாக இருந்தது. "தொட்டுட்டியா? அண்ணா, தொட்டுட்டியா? சொல்லுண்ணா."

வீடியோ முடிந்தது. வெளியே வயர்லெஸ் கரகரவென்றது.

"புள்ளின்னா என்ன?" என்றார் மேடம்.

"ரேஷ்மாங்க. அவ லொக்கேஷன். அவ அந்த பஸ்ஸுல இருக்கறான்னு தெரியுங்க."

"யாருக்குத் தெரியும்? இந்தப் பொம்பளப் புள்ள யாரு?"

மிஸ் என் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"நானுங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். சாட்சி என்று எழுதியிருந்த தாளை ஓரமாகத் தள்ளினார். மேஜை இழுப்பறையைத் திறந்து வேறொரு தாளை எடுத்தார். என் பெயரை மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். சொன்னேன்.

"வயசு?"

"பதினேழு முடிஞ்சு நாலு மாசங்க."